திருமயத்திலிருந்து ஒரு துபாய் அழைப்பு

கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் இந்தப் பக்கத்தில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் ஆபரேஷனுக்கு வரச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். "நாளைக்கு வலது கண்ணுக்கு ஆபரேஷன், தலைக்குக் குளிச்சிட்டு வாங்க" என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லத் திலகவதி ஒரே ஆளை நாலைந்து தடவை கூப்பிட வேண்டியிருக்கும். கடைசியில் எடுக்கிறவரும், "அவரு வயலுக்குப் போயிருக்காருங்க" என்பார், அவருடைய சொந்தக் குரலிலேயே.

திருமயம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தால் கோட்டைப் பாறை ஜன்னல் முழுக்க அடைத்துக்கொண்டு தெரியும். திலகவதிக்கு அங்கே வந்தவர்களுக்குச் சீட்டுப் போடுகிற வேலை கொஞ்சம், வராதவர்களைக் கூப்பிடுகிற வேலை நிறைய. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, கோட்டை ஒரு நேரம் இருப்பதும் ஒரு நேரம் இல்லாமல் போவதுமாக இருந்த ஒரு வாரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் புது போன் சிஸ்டம் வந்தது.

அதுவரை மேஜைமேல் ஒரு பழைய செல்போன் கிடந்தது. அதன் நம்பரையே எடுத்துப் புதுப் பெட்டியில் ஏற்றி, எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் அந்த ஒரு நம்பரே வெளியில் தெரிகிற மாதிரி செய்வதாக ஏற்பாடு. புதுக்கோட்டை டவுனிலிருந்து நிலவழகன் என்கிற டெக்னீசியன் வந்து மாடியில் பெட்டியை மாட்டினான். திலகவதியின் தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டினான். "இனிமே ஒங்களுக்குப் பிரச்சினையே வராது மேடம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

மறுநாள் காலை அன்னவாசல் பக்கத்து நம்பர் ஒன்றைத் திலகவதி கூப்பிட்டாள். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க மாமா, காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்றது ஒரு பெண் குரல், மூச்சிரைக்க.

கண் ஆஸ்பத்திரி என்று திலகவதி சொன்னதும் அந்தக் குரல் சுருங்கிப்போய், "ஓ" என்றது. அடுத்த ஆள் ஒரு பெரியவர். "எய்யா, நல்லாருக்கியாய்யா?" என்று எடுத்த எடுப்பிலேயே தழுதழுத்தார். அதற்கடுத்து ஒரு சின்னப் பிள்ளை. "அப்பா, பல்லு விழுந்துருச்சுப்பா! கூரையில தூக்கிப் போட்டாச்சு!" என்று ஒரே கூச்சல். அந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? திலகவதி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பல்லைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தபிறகுதான், "வீட்டுல பெரியவங்க இருக்காங்களாடா தங்கம்?" என்றாள்.

வெளியே மழை. தான் இன்னும் வீட்டில் படுத்துக் கனவு கண்டுகொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஊரெல்லாம் ஒரே நாளில் அவள்மேல் இத்தனை பிரியம் வைக்க என்ன நடந்தது? மத்தியானம் மணமேல்குடியிலிருந்து ஒருத்தர்தான் முடிச்சை அவிழ்த்தார்.

"ஏம்மா, துபாய்னுல்ல காட்டுது! கண் ஆஸ்பத்திரியை எப்ப அங்கிட்டு மாத்துனீங்க?"

மாவட்டம் முழுக்க வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில். துபாய் என்று திரை காட்டினால் அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று ஓடிவந்து எடுக்கிற ஜனங்கள். அங்கே இருக்கிறவர்கள் அடிக்கடி நம்பர் மாற்றுவார்கள், ரூமில் கூட இருப்பவன் போனை வாங்கிப் பேசுவார்கள். அதனால் எந்த நம்பர் என்று யாரும் பார்ப்பதில்லை, எந்த நாடு என்று மட்டும்தான் பார்ப்பார்கள். கண் ஆஸ்பத்திரி நம்பரையோ எவரும் பேர் போட்டு வைத்திருக்கவில்லை. வைப்பார்களா என்ன! தெரியாத உள்ளூர் நம்பர் என்றாலே அது ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

விஷயத்தை டாக்டர் ஷர்லியிடம் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் எடுக்குறாங்கல்ல?"

"எடுக்குறாங்க மேடம்."

"வாரேன்னு சொன்னவங்க வாராங்கல்ல?"

"ஹால் நெறஞ்சு கெடக்கு மேடம்."

"அப்ப இதுல என்ன பிரச்சினை? மெதுவாச் சரிபண்ணிக்கலாம், போ."

நியாயம்தான். மூன்று வருஷமாகப் புரை முற்றிக் கண்ணுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் அந்த வாரம் வந்து பார்வை வாங்கிக்கொண்டு போனார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

திலகவதிக்கும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் மணி அடித்ததும் கடகடவென்று ஒப்பிப்பவள், இப்போது எதிர்ப்பக்கம் எடுத்தபிறகு கொஞ்சம் தாமதித்தாள். அந்தத் தாமதத்தில் விழுகிற முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தாள். "ஒடம்பு எப்படிங்க இருக்கு?" "ஏன் நேத்துக் கூப்பிடலை?" "இப்பத்தான் ஒன்னைய நெனச்சேன்." முகம் தெரியாத வீடுகளின் வாசலில் நின்று, வேறு யாருக்கோ எடுத்து வைத்த சோற்றில் ஒரு வாய் வாங்கித் தின்பது போல இருந்தது. திருட்டுதான். ஆனால் அவ்வளவு பசி அவளுக்கு.

அவள் புருஷன் உதயசூரியன் ஷார்ஜாவில் ஏசி குழாய் மாட்டுகிற வேலையில் இருந்தான். தினம் ஒரு தடவை கூப்பிடுகிறவன். பங்குனியில் அவன் அம்மா கண்ணாத்தாள் இறந்துபோனாள். கம்பெனி லீவு தரவில்லை, அவனால் வர முடியவில்லை, பங்காளி மகன் கொள்ளி வைத்தான். அன்றோடு போன் நின்றது. அவள் கூப்பிட்டால் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. லீவில் வந்த ஒருத்தன், "அவன் நல்லாத்தான்க்கா இருக்கான், கம்பெனி மாறிட்டான், யாரோடவும் பேச்சுவார்த்தை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். உயிரோடு இருக்கிறான், நல்லாவும் இருக்கிறான், பேச மட்டும் மாட்டான். அவன் ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் திலகவதிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஹால் காலியானபின் அவள் ஒரு காரியம் செய்தாள். மேஜை போனிலிருந்து தன் செல்லின் நம்பரைத் தானே அழுத்தினாள். மடியில் இருந்த செல் ஒளிர்ந்து துடித்தது. ப்ளஸ் குறியும் 971-மாக ஏதோ நம்பர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஐக்கிய அரபு அமீரகம்; ஷார்ஜாவானாலும் எதுவானாலும் ஊர் வாயில் அது துபாய்தான். அழுத்தியது தன் விரல்தான் என்று தெரிந்தும் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. மணி தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் செய்தாள். கிறுக்குப் பிடித்தவள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருக்க மாட்டாள்.

ஜன்னலில் கோட்டை மழைக்குள் கரைந்து கரைந்து திரும்ப வந்தது. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பகலிலேயே போயின. அந்த நாட்களில் திலகவதி பாதி திருமயத்திலும் பாதி எங்கேயோவும் இருந்தாள்.

அந்த மயக்கத்தைத் தெளிய வைக்க வந்து சேர்ந்தாள் செங்கமலம். ஆபரேஷன் முடிந்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, நனைந்த குடை, மேஜைமேல் ஓங்கி ஒரு தட்டு.

"ஏ தாயி, நீதான போன் பண்றவ? ஒங்க போனால எம்மவன் குடி முழுகிப் போகத் தெரிஞ்சுச்சு!"

"என்னாச்சு ஆத்தா? உக்காருங்க."

"உக்கார வரலை. எம்மவன் திருப்பதி ஷார்ஜாவுல இருக்கான். புது நம்பர் வாங்கிட்டு நேத்து மூணு வாட்டி கூப்புட்டுருக்கான். துபாய்னு காட்டுச்சு. கண் ஆஸ்பத்திரிக்காரிதான், மறுபடியும் சொட்டு மருந்து விட்டியான்னு கேப்பான்னு நான் எடுக்கவே இல்லை. நான் செத்துப் போயிட்டேனோன்னு அவன் பயந்து, பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அழுதுருக்கான். எங்க தெருவுல இப்ப ஒருத்தரும் துபாய் போன எடுக்குறதில்ல, தெரியுமா ஒனக்கு?"

திலகவதிக்கு அது தெரியாது என்றில்லை. இரண்டு நாளாக மணிகள் மறுபடி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன, எடுப்பார் இல்லை. மழையில் போனைக் கையோடு வைத்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலில் கட்டிடத்து மேல் நின்றுகொண்டு வீட்டுக்குக் கூப்பிடுகிற எத்தனை பேர், இங்கே எடுக்காமல் கிடக்கிற எத்தனை போன்கள். எல்லாம் இந்த மேஜையிலிருந்து கிளம்பிய வினை. நாளைக்கு உதயன் கூப்பிட்டு, தானே ஆஸ்பத்திரி என்று நினைத்து விட்டுவிட்டால்?

நேராக டாக்டரம்மாவிடம் போனாள். செங்கமலத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் நிலவழகனுக்குத் தகவல் போயிற்று.

நிலவழகன் வந்ததும் முதலில் ஹெட்செட்டைக் குற்றம் சொன்னான். அதை மாற்றினான். பிறகு வயரைக் குற்றம் சொன்னான். பிறகு மழையை. பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் தன் செல்லுக்கே கூப்பிட்டுப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் அது துபாய் என்றே சொன்னது. கடைசியில் செல்லை மூக்குக்கு அருகே கொண்டுபோய் நம்பரை எழுத்துக் கூட்டுகிறவன் போல வாசித்தான்.

"அட இதானா!" என்றான். "மேடம், ஒங்க ஆஸ்பத்திரி நம்பர் எப்படி ஆரம்பிக்குது? தொண்ணூத்தேழு, நூத்தி அம்பது. 97150. முன்னாடி நம்ம நாட்டு 91-ஐப் போட்டுத்தான் வெளியில அனுப்பணும். இந்தப் பெட்டி ப்ளஸ்ஸை மட்டும் போட்டுட்டு 91-ஐ முழுங்கிருச்சு. ப்ளஸ்ஸுக்குப் பின்னாடி 971 வந்தா எந்தச் செல்லும் துபாய்ப் பக்கம்னுதான் சொல்லும். அது மேல தப்பில்லை."

"பொட்டி தானா முழுங்குச்சா?"

நிலவழகன் கொஞ்சம் நெளிந்தான். "நாந்தான் மேடம், மாட்டுறப்ப அந்தக் கட்டத்தை விட்டுட்டேன்."

"சரி, இன்னைக்கே முடிச்சிருங்க தம்பி."

"முடிச்சிரலாம். லைன் குடுத்த கம்பெனிக்காரங்களும் அவங்க பக்கம் மாத்தணும், சித்த நேரம் புடிக்கும். ஒண்ணு செய்ங்க. நான் மாடியில உக்காந்து மாத்தி மாத்தி ஒங்க செல்லுக்கு டெஸ்ட் கால் போடுறேன். இங்கிட்டுச் சிக்னல் விட்டு விட்டு வருது, வெளியில போய் நில்லுங்க. எடுத்து என்ன காட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் தட்டிக்கிட்டே இருப்பேன், பதில் பேசலைன்னா தப்பா நெனைக்காதீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்." படியேறப் போனவன் திரும்பினான். "இத்தனை நாளு சும்மா இருந்துட்டு இப்ப என்ன மேடம் இம்புட்டு அவசரம்?"

திலகவதி செல்லை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கண்மாய், அதன் கரையில் ஒரு வேம்பு. கண்மாய் கரை தொட்டு நிறைந்து கிடந்தது. கோட்டைப் பாறை தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. காற்று அசைத்தால் பாறையும் அசைந்தது. கொக்கு ஒன்று அந்தக் கோட்டைமேலேயே நடந்து போயிற்று. வேம்பிலிருந்து சொட்டுகள் அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தன. அவள் நகரவில்லை.

செல் அடித்தது. ஐக்கிய அரபு அமீரகம். எடுத்து, "துபாய்தான் தம்பி" என்றாள். எதிரே விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள். இன்னொரு முறை வந்தது. அப்போதும் துபாய். "மாறலை தம்பி." மறுபடி தட்டல் சத்தம், மறுபடி நிசப்தம். யாரோ ஒருத்தர் பேசாமல் நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது அப்படியொன்றும் மோசமாக இல்லை என்று பட்டது. வீட்டில் அவளுக்கு அந்த வசதி இல்லை.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் வெயில் கொஞ்சம் விழுந்து, தலைகீழ்க் கோட்டை பொன்னிறமானது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தன் கால் தரையில் இருக்கிறதா என்பதே மறந்துபோயிற்று. அப்போது மூன்றாவது முறை செல் துடித்தது. ப்ளஸ், 971, கீழே அந்த நாட்டின் பேர். எடுத்தாள்.

"தம்பி, இன்னமும் அதேதான் காட்டுது."

பதில் இல்லை.

"தட்டிக்கிட்டிருக்கீங்களா? சரி, தட்டுங்க. ஏன் இம்புட்டு அவசரம்னு கேட்டீங்கள்ல, சொல்றேன். எங்க வீட்டுக்காரரு அங்கிட்டுத்தான் இருக்காங்க. அத்தை செத்ததுலேர்ந்து ஒரு போன் இல்லை. அத்தையைத் தூக்குறப்ப அவங்க பாக்கணுமேன்னு நாந்தான் வீடியோ கால் போட்டு, கூட்டத்துக்கு மேல போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் நெருக்குறாங்க, எனக்குக் கையி நடுங்குது. அவங்களுக்கு ஆத்தா மொகம் தெரிஞ்சுச்சோ, வெறும் வானமும் பந்தக் கீத்தும்தான் தெரிஞ்சுச்சோ. பெத்த தாயக் கடைசியாப் பாக்குறதக் கெடுத்துட்டாளேன்னு கோவமா இருக்கலாம். இல்ல, நான் கோவமா இருக்கேன், வரலையேன்னு வஞ்சிருவேன்னு பயந்துக்கிட்டு இருக்கலாம்."

மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். முன்பின் பழக்கமில்லாத ஒரு டெக்னீசியனிடம் இதையெல்லாம் கொட்டுகிறோமே என்று ஒரு பக்கம் உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"எனக்குக் கோவமே இல்லை தம்பி. முன்ன இருந்துச்சு, இப்ப இல்லை. அவங்க மேல ஆசையாத்தான் இருக்கு. வேலை போனாலும் போகட்டும், வந்து வீட்டுல இருந்தாப் போதும்னு இருக்கு. வரக்கூட வேணாம், ஒரு வார்த்தை பேசட்டும். பேச முடியலையா, இப்ப நீங்க இருக்கீங்கள்ல, இப்படிச் சும்மா லைன்ல இருந்தாக்கூட எனக்குப் போதும்."

காதுக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு அழைப்பு வந்து காத்திருக்கிற சத்தம். செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

திரையின் மேலே, அவள் எப்போதோ பேர் போட்டுச் சேமித்து வைத்திருந்தபடி, 'ஆஸ்பத்திரி' என்று வந்திருந்தது. சரியான நம்பர், 91-ஓடு, முழுசாக. நிலவழகன் சரிசெய்துவிட்டான். சரிசெய்த கையோடு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

அதற்குக் கீழே, அவள் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

செல்லைத் திரும்பக் காதில் வைக்க முடியாமல் வைத்தாள். இப்போது கவனித்துக் கேட்டபோது, தட்டுகிற சத்தம் எதுவும் அதில் இல்லை. தூரத்தில் லாரி ஓடுகிற சத்தமும், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு அழுகிற சத்தமும்தான் இருந்தன.

"யாரு?" என்றாள்.

"தம்பி இல்லை திலகா. நாந்தான்."

வேம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செங்கமலம் மவன் திருப்பதி இங்கதான் எங்க ரூமுல இருக்கான்," என்றான் உதயசூரியன். வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னான். "ஒங்க ஆஸ்பத்திரி போனெல்லாம் துபாய்னு காட்டுதாம், ஊருல ஒருத்தரும் துபாய் போன எடுக்குறதில்லையாம், சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அப்ப நீயும் எடுக்க மாட்டேன்னு நெனச்சேன். எடுக்க மாட்டேங்குற தைரியத்துலதான் போட்டேன்."

திலகவதிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சு யாராச்சும் போன் போடுவாங்களா?"

"மணி அடிக்கிறதையாச்சும் கேப்போம்னு போட்டேன். ஒன் வீட்டுல அடிக்குது, ஒன் கையில அடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்போம்னு போட்டேன். நீ எடுத்துட்டே. எடுத்து என்னையவே எங்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சுட்டே. எங்கிட்டுக் குறுக்க பேசுறது?"

கண்மாயில் கொக்கு எழும்பிப் பறந்தது. டிக் டிக் நின்று, மறுபடி ஆரம்பித்தது. மாடி ஜன்னலைத் திறந்து நிலவழகன் எட்டிப் பார்த்து, போனை எடுங்க என்று கையால் சைகை காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"திலகா, இருக்கியா?"

"இருக்கேன்."

"ஆத்தா மொகம் தெரிஞ்சுச்சு. நல்லாத் தெரிஞ்சுச்சு. அதுக்கப்பறம் ஒம் மொகத்தப் பாக்கத்தான் எனக்குத் தெம்பு வல்லை."